கையைப் பாருங்க மாமி

"கரண்ட் வெச்சா கை வந்துடுமா?"

ஸ்ரீரங்கத்தில் யாருக்காவது ஸ்ட்ரோக் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். சித்திரை வீதி, உத்திர வீதி, அடையவளைந்தான் தெரு, எங்கே போனாலும் இதே கேள்வி. பாலம் தாண்டி சிந்தாமணி, உறையூர், தில்லைநகர் போனாலும் மாறாது. வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பது என் தொழில். "வரும், வராது" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்துவிடலாம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது: கரண்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், நாம் படுத்திருந்தால் போதும். அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்க்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும். வீட்டில் கை விழுந்தவர்கள் யாராவது இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

பல வீடுகளில் நான் பார்ப்பது இப்படி இருக்கும். மாமி கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருப்பார். முன்னங்கையின் மேல்புறம் ஜெல் தடவி இரண்டு பேட் ஒட்டி, அதைச் சுற்றி ஒரு பட்டை. மசில் ஸ்டிமுலேட்டரில் சின்ன விளக்கு எரியும்போது மணிக்கட்டு தானாக மேலே எழும்பும். விளக்கு அணைந்ததும் தொப்பென்று விழும். மறுபடி எரியும், எழும்பும், விழும். மாமியின் கண் டிவி சீரியலில் இருக்கும். நேரம் முடிந்ததும் யாராவது வந்து பேட்டைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து வைத்துவிடுவார்கள். "இன்னிக்கு கரண்ட் வெச்சாச்சு" என்று அன்றைய கணக்கு முடிந்துவிடும்.

இதில் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. தசை சூம்பிப் போகாமல் இருக்கும், மூட்டு இறுகாமல் இருக்கக் கொஞ்சம் உதவும். ஆனால் ஸ்ட்ரோக்கில் தசைக்கு நேரடியாக ஒன்றும் ஆவதில்லை. கையில் உள்ள நரம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. பழுது மூளையில். மூளையில் தப்பிப் பிழைத்த பகுதிகள் புதிதாக வழி பிடித்துக்கொண்டால்தான் கை திரும்பும். அப்படி வழி பிடிக்க மூளைக்கு என்ன வேண்டும் என்பதை, மண்டையைத் திறக்காமல், ஊசி குத்தாமல், ஆரோக்கியமான மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனையைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று என் தொழிலை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் கட்யா ஸ்டெஃபான், யோசஃப் கிளாசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அது. செய்தது எளிய காரியம். மணிக்கட்டில் மீடியன் நரம்பின் மேல் சின்னதாக ஒரு மின் துடிப்பு. அதைத் தொடர்ந்து, தலைக்கு மேல் வைத்த காந்தச் சுருளிலிருந்து, மூளையில் அந்தக் கைக்குரிய இயக்கப் பகுதிக்கு ஒரு காந்தத் துடிப்பு. இந்தக் காந்தச் சுருளை 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழுவினர் உருவாக்கினார்கள். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு மண்டைக்கு வெளியிலிருந்து மின்சாரத்தையே செலுத்தி மூளையைத் தூண்டிக் காட்டியிருந்தார்கள், ஆனால் அது வலிக்கும். காந்தத்தில் அந்த வலி இல்லை. 'டக்' என்று ஒரு சத்தம், தலையில் யாரோ சுண்டியதுபோல ஒரு உணர்வு, கட்டைவிரல் தானாகத் துள்ளும்.

இணைத் தூண்டல் என்று நான் சொல்லும் இந்த முறையின் உயிர் அதன் நேரக்கணக்கில் இருக்கிறது. மணிக்கட்டில் கொடுத்த செய்தி நரம்பு வழியே ஏறி மூளையின் உணர்ச்சிப் பகுதியை அடைய ஏறக்குறைய 20 மில்லி விநாடி ஆகும். மில்லி விநாடி என்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கிருந்து பக்கத்திலிருக்கும் இயக்கப் பகுதிக்குப் போக இன்னும் சில மில்லி விநாடி. எனவே மணிக்கட்டுத் துடிப்பு போய் 25 மில்லி விநாடி கழித்துக் காந்தத்தைச் சொடுக்கினால், கீழிருந்து வரும் செய்தியும் வெளியிலிருந்து வரும் தூண்டலும் ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் சந்திக்கும். 20 விநாடிக்கு ஒரு ஜோடி, மொத்தம் 90 ஜோடி. அரை மணி நேரம். அதன் பிறகு அதே அளவு காந்தத் துடிப்பை மட்டும் கொடுத்துப் பார்த்தால், கட்டைவிரல் அடித்தசை முன்பைவிடப் பெரிதாகத் துள்ளுகிறது. ஜோடி சேர்ப்பதை நிறுத்திய பிறகும் அந்த மாற்றம் அரை மணி, ஒரு மணி நேரம் நிற்கிறது. மறுநாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

அடுத்து வந்த சோதனைதான் எனக்கு இன்னும் வியப்பு. 2003இல் அதே கிளாசன் குழு, 25க்குப் பதில் 10 மில்லி விநாடி இடைவெளி வைத்துப் பார்த்தது. அதாவது கையிலிருந்து செய்தி வந்து சேருவதற்கு முன்பே காந்தம் சொடுக்கிவிடுகிறது. அதே இயந்திரம், அதே கை. ஆனால் விளைவு தலைகீழ்: தசைத் துள்ளல் குறைந்துபோனது. ஊஞ்சலை ஆட்டுகிறவர்களுக்கு இது புரியும். பலகை நம்மைவிட்டு விலகும்போது தள்ளினால் வேகம் ஏறும். நம்மை நோக்கி வரும்போது அதே பலத்தோடு தள்ளினால் நின்றுவிடும். இங்கே வித்தியாசம் வெறும் 15 மில்லி விநாடி, ஒரு கண்சிமிட்டலைவிட மிகக் குறைவு.

கனடாவின் உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949இலேயே ஊகித்தது இது: ஒரு நரம்பணு இன்னொன்றைத் தூண்டுவதில் திரும்பத் திரும்பப் பங்கெடுத்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு வலுப்படும். 1973இல் டிமோதி பிளிஸும் தெர்யே லோமோவும் முயல் மூளையில் அப்படி இணைப்பு வலுத்து மணிக்கணக்கில் நிலைப்பதைக் காட்டினார்கள். மனித மூளையில் மின்முனை செருகிப் பார்க்க யார் சம்மதிப்பார்கள்? அதனால்தான் ரோஸ்டாக் சோதனைக்கு அவ்வளவு மதிப்பு. இருமல் மருந்துகளில் சேர்க்கிற டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற மருந்தைக் கொடுத்துவிட்டு இதே சோதனையைச் செய்தபோது விளைவு வரவில்லை. நரம்பிணைப்பு வலுப்படுவதற்கு வேண்டிய என்எம்டிஏ என்ற ஏற்பியை அந்த மருந்து தடுக்கிறது. வெளியிலிருந்து பார்த்த துள்ளலுக்குப் பின்னால் உண்மையிலேயே இணைப்புகள்தாம் மாறுகின்றன என்பதற்கு இதைவிட நேர்த்தியான சாட்சி எனக்குத் தெரியவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் இருமல் மருந்தைத் தூக்கிப் போட வேண்டாம். டாக்டர் எழுதினால் குடியுங்கள்.)

இனி நான் எல்லா வீட்டிலும் சொல்லிச் சொல்லி அலுக்காத விஷயம்.

2004இல் அதே குழு கேட்ட கேள்வி: சோதனை நடக்கும்போது அந்த மனிதரின் கவனம் எங்கே இருக்கிறது என்பது முக்கியமா? இயந்திரம் தானே தூண்டுகிறது, கவனம் எதற்கு என்று நினைப்போம். ஆனால் தூண்டப்படும் கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம்தான் விளைவு அதிகம். பார்க்காமல் அந்தக் கையின்மேல் கவனத்தை மட்டும் வைத்தவர்களிடம் குறைவு. கவனத்தை மற்ற கையின்மேல் திருப்பச் சொன்னபோது விளைவே இல்லை. துடிப்பு அதேதான், நேரக்கணக்கும் அதேதான். மனசு வேறு இடத்தில் இருந்ததால் மூளை அதைப் பதிவு செய்யவில்லை.

அதனால்தான் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடுவது டிவி ரிமோட்டை. "ஏண்டிம்மா, அது பாட்டுக்கு ஓடிண்டு இருக்கட்டுமே" என்பார்கள். "கையைப் பாருங்க மாமி, சீரியலை ராத்திரி மறுபடி போடுவான்" என்பேன்.

பிறகு ஸ்டிமுலேட்டரை வேறு மாதிரி பயன்படுத்துவேன். பேட் ஒட்டும் இடம் அதேதான். விளக்கு எரிவதற்கு ஒரு நொடி முன்னால், "இப்போ தூக்குங்க" என்பேன். மாமி தன்னால் முடிந்த மட்டும் மணிக்கட்டைத் தூக்க முயல வேண்டும். முதல் வாரங்களில் வெளியே ஒன்றும் தெரியாது. நெற்றி சுருங்கும், தோள்தான் எழும்பும், மூச்சைப் பிடிப்பார்கள். அந்த முயற்சியின் நடுவில் கரண்ட் வந்து கையைத் தூக்கும். தூக்க நினைத்ததும் தூக்கிய உணர்வும் ஒன்றாக மூளைக்குப் போகும். பழகியவர்களிடம் ஸ்விட்சை நல்ல கையில் கொடுத்துவிடுவேன்: நீங்களே தூக்க ஆரம்பியுங்கள், நீங்களே அழுத்துங்கள். இது ரோஸ்டாக் சோதனை இல்லை, 25 மில்லி விநாடிக் கணக்கு என் கைக்கு அடங்காது. ஆனால் காந்தச் சுருள் செய்ததை இங்கே நோயாளியின் சொந்த முயற்சி செய்கிறது. டென்மார்க்கின் ஆல்போர்கில் நடாலி மராகாஸ்-கெர்ஸ்டிங் குழுவினர் இதையே கருவிகளோடு துல்லியமாகச் செய்தார்கள். பாதத்தை அசைக்க நினைக்கும்போது மூளையில் எழும் அலையை ஈஈஜி மூலம் பிடித்து, அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நொடிக்குச் சரியாகக் கால் நரம்பில் தூண்டலைச் சேர்த்தார்கள். நாள்பட்ட ஸ்ட்ரோக் நோயாளிகளிடம் நடையில் முன்னேற்றம் தெரிந்தது. அதே அளவு தூண்டலை நேரம் பொருத்தாமல் கொடுத்தவர்களிடம் அப்படித் தெரியவில்லை.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. ஹெல்சின்கியில் அனஸ்தாசியா ஷுல்கா குழுவினர் 2016இல் எழுதிய கட்டுரையில், நரம்புத் தொடர்பு முழுவதும் அறுபடாத இரண்டு நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் இணைத் தூண்டல் கொடுத்திருந்தார்கள். அங்கே இரண்டு செய்திகளும் சந்திக்கும் இடம் மூளை இல்லை, முதுகுத்தண்டு. செயலிழந்திருந்த தசைகளில் சிலவற்றைத் தாமாக அசைக்கும் திறன் திரும்பியது. இரண்டே பேர்தான். ஆனாலும் விபத்தில் அடிபட்டு ஆண்டுக்கணக்கில் ஒரே கட்டிலில் இருக்கும் பையன்களை நேரில் பார்க்கிற எனக்கு அந்தக் கட்டுரை பெரிய விஷயம்.

வெளிநாட்டுக் கதையாகவே போகிறதே என்று தோன்றினால், நம் ஊர்ப் பக்கம் வருவோம். துறையூர் வழியாகப் புளியஞ்சோலைக்குப் போயிருப்பீர்கள். ஓடையில் குளிக்கும்போது தலைக்கு மேல் நிற்கிறதே, அந்தக் கொல்லிமலையில்தான் 1914இல் பால் பிராண்ட் பிறந்தார். மிஷனரிப் பெற்றோரின் பிள்ளை. லண்டனில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். தொழுநோயில் அல்நார் நரம்பு செத்துப்போய், விரல்கள் நகம்போல மடங்கிவிட்ட கைகளை அப்போது பலரும் தொடக்கூடத் தயாராக இல்லை. பிராண்ட் அந்தக் கைகளில் உயிரோடு இருக்கும் தசையின் தசைநாரை எடுத்து, செத்த தசை செய்துவந்த வேலைக்கு மாற்றிக் கட்டினார்.

பிசியோதெரபிஸ்டுக்கு இதில் சுவாரசியமான கட்டம் ஆபரேஷனுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். மோதிரவிரலை மடக்கும் இரண்டு தசைநார்களில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்குக் கொண்டுபோய் விட்டார்கள் என்று வையுங்கள். மாவுக்கட்டைப் பிரித்ததும், "கட்டைவிரலை அசைங்க" என்றால் நோயாளிக்கு ஒன்றும் வராது. "மோதிரவிரலை மடக்குங்க" என்று சொன்னால் கட்டைவிரல் குறுக்கே நகரும்! அவர் திடுக்கிட்டுத் தன் கையைப் பார்ப்பார். மடக்க நினைக்க வேண்டும், அசைவது வேறு விரல், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மறுபடி, மறுபடி. சில வாரங்களில் மோதிரவிரலை நினைக்க வேண்டியதே இல்லாமல் போகும். கட்டைவிரலை நினைத்தால் கட்டைவிரல் அசையும், டம்ளரைப் பிடிக்கும், பட்டன் போடும். எண்ணமும் அசைவும் பார்வையும் ஒரே நொடியில் சேர்ந்து சேர்ந்து பழைய தசைக்குப் புது வேலை பழகிவிடுகிறது. காந்தச் சுருள் வருவதற்குப் பல்லாண்டு முன்பே நம் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் தினம் நடந்த காரியம். அந்தக் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர்களில் மேரி வர்கீஸும் ஒருவர். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கத்தியைப் பிடித்தவர், பின்னால் சிஎம்சியின் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டி எழுப்பியவர். என் தொழிலில் இருப்பவர்கள் அந்தப் பெயரை எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

இன்னொருவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். கலிபோர்னியாவில் 1990களில் அவர் செய்த கண்ணாடிப் பெட்டி, கை போனவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக வந்தது. 1999இல் எரிக் ஆல்ட்ஷுலரோடு சேர்ந்து அதை ஸ்ட்ரோக் நோயாளிகளிடம் முயன்றார். நல்ல கையின் பிம்பம் விழும்படி நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்த வேண்டும். விழுந்த கை அதன் பின்னால் மறைந்திருக்கும். இரண்டு கையையும் சேர்த்து அசைக்க முயல வேண்டும். கண்ணுக்கு இரண்டும் நன்றாக அசைவதுபோலத் தெரியும். முயற்சியோடு பார்வை ஜோடி சேருகிறது. அலமாரிக் கண்ணாடி இருந்தால் போதும், ஆயிரக்கணக்கில் செலவு செய்து எதுவும் வாங்க வேண்டாம். ரசம் போனதாக மட்டும் இருக்கக் கூடாது.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரபந்தம் சேவிப்பவர், வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு நல்லவேளையாகத் தப்பித்தது. "ஸ்வாமி, பத்து தடவை தூக்குங்கோ" என்றால் மூன்றாவதிலேயே மனசு எங்கோ போய்விடும். ஒருநாள், "சந்தை சொல்ற மாதிரி பண்ணலாமா?" என்றேன். தெரியாதவர்களுக்கு: ஆசிரியர் ஒரு முறை சொல்ல, மாணவர் இரண்டு முறை திருப்பிச் சொல்வது சந்தை முறை. ஆசிரியரின் வரியை அவரே மெதுவாகச் சொன்னார், அப்போது கை ஓய்வு. பிறகு திருப்பிச் சொல்லும் இரண்டு முறையும் மணிக்கட்டைத் தூக்கும் முயற்சி, நான் ஸ்விட்சை அழுத்துவேன். கண் கையின்மேலேயே நின்றது. இத்தனை வருஷப் பழக்கம் கவனத்தைத் தானாக இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஹரியானாவின் மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் 21 யஜுர்வேத பண்டிதர்களின் மூளையை ஸ்கேன் செய்து, ஜேம்ஸ் ஹார்ட்செல் குழுவினர் 2016இல் எழுதினார்கள். நினைவுக்கும் மொழிக்கும் உரிய பல பகுதிகளில் மற்றவர்களைவிடச் சாம்பல் நிறப் பொருள் அதிகமாக இருந்தது. பயிற்சிதான் காரணமா என்று ஒரே ஸ்கேனை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் சின்ன வயதிலிருந்து காதும் வாயும் கவனமும் சேர்ந்தே உழைத்த மூளை அது என்பதில் சந்தேகமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு எல்லை எது என்பதையும் சொல்லியாக வேண்டும். இணைத் தூண்டல் எல்லோரிடமும் வேலை செய்வதில்லை. 2008இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் 27 பேரில் 14 பேரிடம்தான் எதிர்பார்த்த விளைவு வந்தது. வயது ஏற ஏறக் குறைகிறது. காலையைவிடப் பிற்பகலில் நன்றாக வருகிறது என்று ஆஸ்திரேலியாவில் கண்டிருக்கிறார்கள். அளவுக்கு மீறினாலும் ஆபத்து: எழுத உட்கார்ந்தால் விரல்கள் இழுத்துக்கொள்ளும் நோயாளிகளிடம் இதே சோதனையைச் செய்தபோது விளைவு வேண்டிய தசையோடு நிற்காமல் பக்கத்துத் தசைக்கும் பரவியது. மூளை இணங்கிக் கொடுப்பதே அவர்களுக்குத் தொல்லை. எனவே "தலையில் மாட்டினால் போதும்" என்று ஆன்லைனில் விற்கிற கருவிகளை வாங்கி அப்பாவின் தலையில் மாட்டாதீர்கள். அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பிள்ளைகள் பாசத்தோடு அனுப்பினாலும் வேண்டாம். வலிப்பு வந்தவர்கள், தலைக்குள் உலோகக் கிளிப் இருப்பவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தத் தூண்டல் பக்கமே நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. கையில் வைக்கும் கரண்டும்கூடப் பேஸ்மேக்கர்காரர்களுக்குக் கேட்டுவிட்டுத்தான்.

கடைசியாக, இது திருச்சி என்ஐடியில் கருவியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு. நீங்கள் இறுதி ஆண்டு புராஜெக்ட் தேடிக்கொண்டிருந்தால், எனக்கு ஒரு பெட்டி வேண்டும். விழுந்த கையின் தசையில், கண்ணுக்குத் தெரியாத அளவு முயற்சி எழுந்தாலும் தோல்மேல் ஒட்டிய மின்முனை அதைப் பிடிக்க வேண்டும். பிடித்த உடனே, அந்த முயற்சி தணிவதற்குள், ஸ்டிமுலேட்டரைத் தட்டிவிட வேண்டும். முயற்சி வராவிட்டால் கரண்ட் வரவே கூடாது. வெளிநாட்டில் இப்படிக் கருவிகள் இருக்கின்றன, விலை நம் வீடுகளுக்கு எட்டுவதாக இல்லை. என் வேலைக்குத் தேவையானது பேட்டரியில் ஓடுகிற, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிற அளவு ஒன்று. வாரத்துக்கு வாரம் முயற்சியின் அளவைக் காட்டும் ஒரு கோடு திரையில் வரைந்தால் இன்னும் நல்லது. கை அசையாத அந்த முதல் வாரங்களில், உள்ளே ஏதோ நடக்கிறது என்பதை மாமிக்கும் வீட்டுக்காரர்களுக்கும் காட்ட என்னிடம் இப்போதைக்கு வாய்வார்த்தை தவிர வேறு எதுவும் இல்லை.